“பாசி மேல கால் வெச்ச மாதிரி”: புதுக் கட்டாய டயர் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டில் கார் வந்து நின்றதும் முதல் வேலையாகக் காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்தேன். இடது முன் டயரில் 27.5 பிஎஸ்ஐ. காலையில் 20 வைத்து அனுப்பியிருந்தோம், சூடானதும் 24 பக்கம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஓட்டுநர்த் தம்பி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, “பாசி மேல கால் வெச்ச மாதிரி இருக்குண்ணே. பின்பக்கம் எப்ப போகும்னே தெரியல,” என்றான். பக்கத்துப் பிட்டுகளிலும் அன்று காலை இதே பேச்சுதான். இந்தப் பருவத்திலிருந்து கட்டாயமான புது டயர் சரியில்லை, இதை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது என்று.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் புகாரில் முக்கால்வாசி டயருடையது அல்ல என்று தெரிந்துவிட்டது. எதை அளந்தோம், எங்கே தவறினோம், எது இன்னும் மிச்சமிருக்கிறது என்று வரிசையாக எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து சொந்தக் காசில் பந்தயத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கடற்கரை ஊரில் காரை வைத்திருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு பாடம் இருந்தது, அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

எங்கள் கார்

நாங்கள் மூன்று பேர். எனக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அளவுகளோடு காலம் தள்ளுகிறவன். ஓட்டுநர்த் தம்பி அரியாங்குப்பத்துக்காரன். மெக்கானிக் அண்ணனுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஷெட், கார் அங்கேதான் தூங்குகிறது.

ஒற்றை இருக்கை, மூடாத சக்கரங்கள், சாலைக் காரிலிருந்து எடுத்த 1300 சிசி எஞ்சின், 13 அங்குல ரிம். ஓட்டுநரோடு சேர்த்து 500 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இறக்கை கிடையாது. அதனால் காற்று காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் உதவியும் கிடையாது. திரும்புவது, நிற்பது, கிளம்புவது எல்லாமே உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடும் நான்கு ரப்பர்த் துண்டுகளால்தான். இந்த மாதிரிக் காரில் டயரை மாற்றுவது ஒரு உதிரிபாகத்தை மாற்றுவது போல அல்ல. எனக்கு இது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சோதனைக்குப் போன பிறகுதான் உண்மையில் தெரிந்தது.

விதி ஏன் வந்தது

இந்தப் பருவத்திலிருந்து எங்கள் வகுப்பில் ஒரே வகை டயர்தான் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் பந்தயத்துக்கு ஆறு வாரம்கூட இல்லை. அந்த அவகாசம் போதாது என்பது என் வருத்தம். வேலைக்குப் போய்க்கொண்டே பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஆறு வாரம் என்றால் ஆறு ஞாயிற்றுக்கிழமை, அதில் இரண்டு கல்யாணத்துக்குப் போய்விடும். ஆனால் விதியின் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. டயரை அவரவர் விருப்பத்துக்கு விட்டால், காசுள்ளவர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் மென்மையான புது செட் மாட்டிக்கொண்டு வருவார். மற்றவர் போன வருட டயரோடு பின்னால் ஓடுவார்.

ஒரே டயர் என்பது புது யோசனையும் அல்ல. ஃபார்முலா ஒன்றிலேயே 2007 முதல் எல்லா அணிக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்தான். 2010 வரை பிரிட்ஜ்ஸ்டோன், 2011 முதல் பிரெல்லி. இங்கிலாந்தில் 1967-ல் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் தொடங்கியபோது, கையில் அதிகம் காசில்லாதவர்களும் ஓட்டட்டும் என்று சாலை டயரிலேயே ஓட்ட வைத்தார்கள். நம் பக்கம் எண்பதுகளின் இறுதியில் கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டியதும் இதே எண்ணத்தில்தான். கோயம்புத்தூரில் இன்று கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரில் தடமே இருக்கிறது. எளிய கார், எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஓட்டுகிறவர் கையில்தான் வித்தியாசம். சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இன்றும் பிட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் பேசினால், டயர் தகராறு அந்தக் காலத்திலும் இருந்தது என்பார்கள்.

ஷெட்டில் செய்தது

பழைய டயர் கிராஸ் ப்ளை. புது டயர் ரேடியல், அதிலும் பள்ளம் வெட்டிய டயர், வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றே. இரண்டு செட் வாங்கும் செலவு மிச்சம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம்.

கிராஸ் ப்ளையில் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். பக்கச் சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே உடம்பாக வளையும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், மேலே சுற்றிலும் ஒரு எஃகுப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். பக்கச் சுவர் தனியாக வளையும், தரையைத் தொடும் பகுதி தட்டையாகவே இருக்கப் பார்க்கும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கேம்பர் என்னும் சக்கரச் சாய்வு, ஸ்டியரிங் பழக்கம், நழுவும் விதம் என்று பின்னால் வந்த அத்தனை விஷயமும் முளைத்தது.

டயர் வந்ததும் பக்கச் சுவரில் தேதிக் குறியைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும். நான்கும் ஒரே வாரத்தில் செய்தவை, நிம்மதி. பிறகு ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டரை வைத்தோம். பழையது 52, புதியது 58. இந்த எண்ணை வைத்து யாரும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வெயிலில் வைத்த டயரும் நிழலில் வைத்த டயரும் ஒரே எண் காட்டாது. ஷெட்டுக்குள் ஒரே இடத்தில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுத்தான் இரண்டையும் அளந்தோம்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. தம்பியைக் காரில் உட்கார வைத்து, சூடான நிலையில் எதிர்பார்க்கும் காற்றழுத்தத்தை வைத்து, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே சிமெண்ட் தரையில் ஒரு கோடு. அண்ணன் பின்னாலிருந்து காரை மெல்லத் தள்ள, நான் குனிந்தபடி கூடவே நடந்தேன். டயர்க் கோடு ஒரு சுற்று முடித்து மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. இடையில் இஞ்ச் டேப்பை இழுத்துப் பிடித்தோம். பின் டயர் பழையது 1780 மில்லிமீட்டர், புதியது 1745. மூன்று தடவை தள்ளினோம், மூன்றிலும் ஒரே எண்.

35 மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். இரண்டு சதவீதம் அது. கியரை மாற்றாமலே எல்லாக் கியரும் இரண்டு சதவீதம் குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடிய எஞ்சின் அதே வேகத்துக்கு இனி 6120 சுற்று ஓட வேண்டும். அதோடு சக்கரத்தின் நடு அச்சு கிட்டத்தட்ட ஐந்தரை மில்லிமீட்டர் தரையை நெருங்கும், கார் மொத்தமும் அவ்வளவு தாழும். முன் டயரை அளந்தால் அங்கே குறைந்தது 20 மில்லிமீட்டர்தான், அதாவது மூன்று மில்லிமீட்டர் தாழ்வு. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கூடுதலாகத் தாழ்ந்தால் காரின் எடை உட்காரும் விதமே மாறும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதினோம், ஆனால் திருத்தவில்லை. முதலில் இருந்தபடியே ஓட்டிப் பார்ப்போம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்று முடிவு செய்திருந்தோம். அந்த முடிவு சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஷெட்டிலேயே எல்லாவற்றையும் திருப்பிவிட்டுப் போயிருந்தால் எது எதனால் வந்தது என்று தெரியாமலே போயிருக்கும்.

பழைய செட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நாங்கள் டயர்களைத் தரையில் வைப்பதே இல்லை. மேலே பரண் போட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றி, வெல்டிங் செய்யும் மூலையிலிருந்து தள்ளி வைக்கிறோம். வெல்டிங் பொறியிலும் மின் மோட்டாரிலும் கிளம்பும் ஓசோன் ரப்பரில் மெல்லிய வெடிப்பு விடச் செய்யும். ஆகவே ஒப்பிடுவதற்கு வைத்திருந்த பழைய செட் நல்ல நிலையில் இருந்தது. ஏற்கெனவே ஏழு முறை சூடாகி ஆறியது, அது ஒன்றுதான் குறை.

சனிக்கிழமை

திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாகப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் புது டயருக்கு ஐந்து மெதுவான சுற்று கொடுத்தோம். டயரை வார்க்கும் அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்கும் பூச்சு போக வேண்டும், ரப்பர் ஒருமுறை சீராகச் சூடாகி ராத்திரி முழுக்க ஆற வேண்டும். அப்படி ஆறவிட்ட டயர் சீக்கிரம் வாடாது. இதைச் செய்தது நல்லது. செய்யாமல் விட்டது, அந்த ஐந்து சுற்று முடிந்து வந்தபோது சூட்டோடு காற்றழுத்தம் பார்க்காதது. இருட்டிக்கொண்டு வந்தது, மெதுவான சுற்றுதானே என்று விட்டுவிட்டேன். அன்றே பார்த்திருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம், கடிகாரத் திசையில் ஓடுவது. அதனால் இடதுபக்க டயர்கள், முக்கியமாக இடது முன் டயர், அதிகம் உழைக்கும். எந்த டயரைக் கவனிப்பது என்ற கேள்வியே எழவில்லை.

ஓட்டங்களின் வரிசையை முன்பே தீர்மானித்திருந்தோம். பழைய டயர், புது டயர், மறுபடி பழைய டயர். ஒவ்வொன்றுக்கும் ஆறு சுற்று, அதில் நல்ல மூன்றின் சராசரி. நடுவில் பழைய டயரை மறுபடி மாட்டுவது வீண் வேலை என்று சிலருக்குத் தோன்றும். அந்த வேலைதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. காலையில் தடத்தில் தூசி இருக்கும். கார்கள் ஓட ஓடத் தூசி விலகி ரப்பர் படிந்து பிடி கூடும். அப்புறம் உச்சி வெயிலில் தார் கொதித்துப் பிடி மறுபடி குறையும். பழைய டயரில் காலையில் ஒரு தடவை, புது டயரில் பதினொரு மணிக்கு ஒரு தடவை ஓட்டிவிட்டு ஒப்பிட்டால், ஒப்பிடுவது டயரையா தடத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் ஓட்டம் பழைய டயர். இரண்டாவது புது டயர், சராசரியில் 1.6 வினாடி மெதுவு. மூன்றாவது மறுபடி பழைய டயர். அது தன்னுடைய முதல் ஓட்டத்தையே 0.5 வினாடி முந்தியது. அதாவது தடம் வேகமாகிக்கொண்டே இருந்தது. புது டயர் அந்த உதவியையும் வாங்கிக்கொண்டுதான் 1.6 பின்னால் இருந்திருக்கிறது. இரண்டாவது ஓட்டத்தின்போது அந்த 0.5-ல் பாதி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டால் உண்மையான இடைவெளி 1.85 வினாடி. எங்களுக்கு முகம் தொங்கிவிட்டது.

இரண்டாவது ஓட்டம் முடிந்து வந்தபோதுதான் அந்த 27.5. கூடவே ஊசி வெப்பமானியை ரப்பருக்குள் குத்தி மூன்று இடத்தில் பார்த்தேன். மேலோட்டமாகக் காட்டும் லேசர் துப்பாக்கியை நான் நம்புவதில்லை. டயரின் மேல்தோல் பிட்டுக்குள் வருவதற்குள்ளேயே ஆறிவிடும், உள்ளே இருக்கும் சூடுதான் விஷயம். வெளி ஓரம் 89 டிகிரி, நடு 93, உள் ஓரம் 80. நடுதான் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம்: டயர் நடுவில் புடைத்து, அந்தப் பட்டையில் மட்டும் உழைக்கிறது.

அண்ணன் சொன்னார்: “காத்தை எறக்கிட்டுப் போயிருப்பா. இதுல என்ன இருக்கு?” இறக்கலாம்தான். ஆனால் ஏன் ஏறியது என்று தெரியாமல் இறக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு டீஸ்பூன் தண்ணீர்

காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. காலையில் 28 டிகிரி, கேஜ் 20. வெளிக்காற்றின் 14.7-ஐச் சேர்த்தால் மொத்த அழுத்தம் 34.7. உள்ளே காற்று 65 டிகிரிக்குச் சூடானால் மொத்தம் 39 ஆகும், கேஜில் 24.3 காட்டும். ஏற்றம் நாலே கால். எங்களுக்கு ஏறியதோ ஏழரை. அந்த மூன்றேகால் பிஎஸ்ஐ எங்கிருந்து வந்தது? உள்ளே காற்று 65 அல்ல, 90 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் உலர்ந்த காற்று அவ்வளவு ஏறும். நாங்கள் ஓட்டிய ஆறு சுற்றில் அது நடக்காது. பழைய டயர் அதே தடத்தில் 4.5-தான் ஏறியிருந்தது.

மிச்சமிருப்பது ஒன்றுதான், தண்ணீர். டயருக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இருந்தால் சூட்டில் அது ஆவியாகும். 28 டிகிரியில் நீராவியின் அழுத்தம் அரை பிஎஸ்ஐ சொச்சம்தான், 65 டிகிரியில் மூன்றரையைத் தாண்டிவிடும். அந்த வித்தியாசம் மூன்று பிஎஸ்ஐ. காணாமல் போன கணக்கு ஏறக்குறைய அங்கேயே இருந்தது. இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அங்கேயே போட்டுப் பார்த்தேன். எங்கள் டயருக்குள் சுமார் 25 லிட்டர் இடம் இருக்கும். அதை 65 டிகிரியில் ஆவியால் நிரப்ப நான்கு கிராம் தண்ணீர் போதும். ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

அந்த டீஸ்பூன் எப்படி உள்ளே போனது என்பதற்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, டயரை ரிம்மில் ஏற்றிய கடையில் விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர் தாராளமாகப் பூசியிருந்தார்கள். சாலைக் காருக்கு அது பாதகமில்லை. இன்னொன்று எங்கள் கம்ப்ரசர். மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் கூப்பிடு தூரம் மாதிரிதான். புரட்டாசியில் அங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்தக் காற்றை இழுத்து அழுத்தி டேங்கில் அடைக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். அடிக் குழாயைத் திறந்து அன்றன்றைக்கு வடிக்க வேண்டும், நாங்கள் வடிக்கவில்லை. திங்கட்கிழமை அண்ணன் திறந்தபோது துருக் கலரில் ஒரு டம்ளருக்கு மேல் வந்தது. டேங்கில் தண்ணீர் ஏறிவிட்டால் காற்றோடு சொட்டுகளும் ஹோஸ் வழியாக டயருக்குள் போகும். பழைய செட்டுக்குக் காற்று அடித்தது சித்திரை வெயிலில், கம்ப்ரசரைக் கழுவித் துடைத்த வாரத்தில். அதனால்தான் அது ஒழுங்காக இருந்தது.

பிட்டில் அதற்கு வைத்தியம் செய்தோம். டயர் சூடாக இருக்கும்போதே வால்வ் பின்னைக் கழற்றி முழுக் காற்றையும் வெளியே விட வேண்டும். சூட்டில் தண்ணீர் ஆவியாக இருப்பதால் காற்றோடு போய்விடும், ஆறிவிட்டால் சொட்டாக உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து அணியினர் நைட்ரஜன் சிலிண்டர் கொடுத்து உதவினார்கள். நைட்ரஜனில் மந்திரம் ஒன்றும் இல்லை, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சிலிண்டரில் வருவது உலர்ந்து வருகிறது, அவ்வளவுதான் அதன் பெருமை. நிரப்பி, விட்டு, நிரப்பி, விட்டு, மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் பழைய காற்றில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும், மூன்று தடவையில் நூற்றுக்கு நான்கைந்து பங்காகிவிடும். வால்விலிருந்து சீறி வந்த காற்றை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். முதல் தடவை கை நனைந்தது. மூன்றாவது தடவை நனையவில்லை.

நான்காவது ஓட்டம். 20-ல் தொடங்கி 24.5-ல் வந்து நின்றது. புது டயர் இப்போது மூன்றாவது ஓட்டத்தைவிட 0.9 வினாடிதான் மெதுவு. காரில் ஒரு திருகையும் தொடாமல் இடைவெளியில் பாதி போய்விட்டது.

சாய்வு

இப்போது சூடு வேறு கதை சொன்னது. வெளி ஓரம் 90, நடு 86, உள் ஓரம் 79. நடு இறங்கிவிட்டது, ஆனால் வெளி ஓரம்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. மூடாத சக்கரம் என்பதால் ஓட்டுநருக்கே முன் டயரின் தோல் தெரியும். தம்பியும் சொன்னான், வெளி ஓரத்தில் ரப்பர் சுருள் சுருளாக எழும்புகிறது என்று. பள்ளிக்கூட அழிரப்பரை அழுத்தித் தேய்த்தால் சுருண்டு வருமே, அதே மாதிரி. புது டயரின் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர்க் கட்டைகள் ஆழமாக இருப்பதால் அவை ஆடும், ஆடினால் இன்னும் சூடாகிச் சுருளும்.

காரணம் ரேடியலின் அந்தத் தட்டையான உடம்பு. திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயரும் வெளிப்பக்க ஓரத்தில் ஏறி நிற்கும். கிராஸ் ப்ளை வளைந்து கொடுத்துச் சமாளித்தது. ரேடியல் அப்படிச் சமாளிக்காது, முன்கூட்டியே சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்தால்தான் திருப்பத்தில் முழு அகலமும் தரையில் உட்காரும். பழைய டயருக்கு முன்பக்கக் கேம்பர் மைனஸ் ஒன்றரை டிகிரி வைத்திருந்தோம். மைனஸ் இரண்டே முக்கால் ஆக்கினோம். பின்பக்கம் ஒரு டிகிரியிலிருந்து இரண்டாக.

கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. காரின் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் பார்த்துத் திருத்தினோம். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. வெயிலில் ஒருவர் நூலுக்கு நிழல் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் திருக. அப்படியே ஸ்பிரிங் தட்டுகளைத் திருகி, பின்பக்கம் ஐந்தரையும் முன்பக்கம் மூன்றும் உயர்த்திப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற எங்கள் சட்டத்தை இங்கே மீறினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தடத்தில் எங்களுக்கு நேரம் குறைந்துகொண்டே வந்தது. அதனால் அடுத்த முன்னேற்றத்தில் கேம்பருக்கு எவ்வளவு, உயரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஓட்டுகிற கை

சாப்பாட்டு நேரத்தில் காரில் வைத்திருந்த கேமராப் படத்தை மூவரும் பார்த்தோம். முதல் திருப்பம் வேகமான வலது. பழைய டயரில் தம்பி காரை உள்ளே எறிந்துவிட்டு, நழுவவிட்டு, ஸ்டியரிங்கால் பிடித்துத் திருப்பி வருவான். பார்க்க அழகாக இருக்கும். கிராஸ் ப்ளை அதற்கு இடம் கொடுக்கும். சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் நடுவே கோணம் கூடக்கூட மெதுவாகத்தான் பிடி குறையும், நிறைய எச்சரிக்கை கொடுக்கும். ரேடியலுக்கு உச்சப் பிடி சின்னக் கோணத்திலேயே வந்துவிடும். அதைத் தாண்டினால் சட்டென்று விட்டுவிடும். பழைய பழக்கத்தில் ஓட்டினால் எப்போதும் அந்த உச்சத்தைத் தாண்டிய இடத்திலேயே இருப்போம்.

நான்காவது ஓட்டத்தில் அந்த ஒரு திருப்பத்தில் அவன் கை எத்தனை தடவை திருத்துகிறது என்று எண்ணினோம். ஐந்து. அவனிடம் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு வருடமாக அந்த டயரில் கற்றுக்கொண்ட கை அது. அவனே கொஞ்ச நேரம் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, “நான் இதை எழுப்பி எழுப்பி விடறேன்ணே. தூங்க விட்டா ஓடும் போல,” என்றான். பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே பிடித்து, ஸ்டியரிங்கை ஒரே இழுப்பில் மெதுவாகத் திருப்பி, திருத்தாமல் வருவது என்று முடிவு செய்தான். ஐந்தாவது ஓட்டத்தில் அதே திருப்பத்தில் இரண்டு திருத்தம்தான்.

கிடைத்தது என்ன

ஐந்தாவது ஓட்டம் பிற்பகல் இரண்டரைக்கு, தடத்தின் சூடு 54 டிகிரி இருந்தபோது. புது டயர் மூன்றாவது ஓட்டத்தின் பழைய டயரைவிட 0.4 வினாடி மெதுவு. உடனே பழைய செட்டை அதற்குரிய பழைய அளவுகளோடு மாட்டி ஆறாவது ஓட்டம் போனோம். அதுவும் அந்தச் சூட்டில் தன் மூன்றாவது ஓட்டத்தைவிட 0.4 மெதுவாகத்தான் ஓடியது. ஒரே நேரத்தில், ஒரே தடத்தில் இரண்டும் சமம்.

சூடு இப்போது வெளி ஓரம் 83, நடு 85, உள் ஓரம் 89. நேர்ச்சாலையில் சாய்வினால் உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாகச் சூடாவது இயல்பு. ஆறு டிகிரி வித்தியாசம் எனக்குத் திருப்தி.

கடைசியாகப் பந்தயத் தூரத்தைப் போலப் பன்னிரண்டு சுற்று தொடர்ந்து ஓட்டினோம். எனக்கு அன்று மிகவும் சந்தோஷம் கொடுத்தது இதுதான். பழைய டயரில் இப்படி ஓட்டினால் முதல் மூன்று சுற்றுக்கும் கடைசி மூன்று சுற்றுக்கும் 0.9 வினாடி இழப்போம், எங்கள் பழைய நோட்டு முழுக்க அந்தக் கணக்கு இருக்கிறது. புது டயர் இழந்தது 0.3. எட்டாவது சுற்றுக்கு மேல் டயரைக் காப்பாற்றிக்கொண்டு ஓட்டும் அந்த வேதனை இல்லை. கடைசிச் சுற்று வரை முட்டி மோதலாம். சின்ன அணிகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இந்தச் சமக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பழைய செட் ஏழு முறை வெந்தது, புது செட் புதுசு. இரண்டும் புதுசாக இருந்திருந்தால் பழையது ஒற்றைச் சுற்றில் முன்னால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டியூரோமீட்டர் எண்ணும் அதைத்தான் காட்டியது. ஆனால் எல்லோரும் இதே டயரில் ஓடப்போகும்போது பழையதைவிட வேகமா இல்லையா என்ற கேள்விக்கு மதிப்பு குறைவு. நம் காரை இந்த டயருக்கு யார் சீக்கிரம் பழக்குகிறார்கள் என்பதுதான் போட்டி.

கியர் விஷயம் தீரவில்லை. நேர்ச்சாலையின் முடிவில் பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே எஞ்சின் உச்ச வரம்பைத் தொட்டு இருமுகிறது. எல்லாக் கியருக்கும் பொதுவான இறுதி விகிதத்தை மாற்ற விதி இடம் கொடுக்கவில்லை. நான்காம் கியருக்கு எப்போது மாற்றுவது என்பதைத் தம்பி புதிதாகப் பழக வேண்டும்.

அடுத்த ஓட்டத்துக்கு நோட்டில் எழுதியிருப்பது: உலர்ந்த காற்று, ஆறிய நிலையில் முன்னால் 20, பின்னால் 20.5. சூட்டில் 24 முதல் 25. கேம்பர் முன் மைனஸ் இரண்டே முக்கால், பின் மைனஸ் இரண்டு. உயரம் பழையபடி. டயர் மாட்டும்போது சோப்புத் தண்ணீர் வேண்டாம், அதற்கென்று இருக்கும் பசையை விளிம்பில் மெல்லிசாகப் பூசினால் போதும், காற்றை அடித்துவிட்டு ஒருமுறை வெளியே விட வேண்டும். கம்ப்ரசருக்கும் ஹோஸுக்கும் நடுவில் அண்ணன் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டார். அடிக் குழாயில் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத் திறக்கிறார்.

மழையில் இந்த டயர் எப்படி என்று பார்க்கவே இல்லை. ஒரே டயர் இரண்டுக்கும் என்று விதி சொல்வதால் அது தெரியாமல் ஐப்பசிப் பந்தயத்துக்குப் போக முடியாது. ஈரத்தில் ரப்பர் அவ்வளவாகச் சூடேறாது, ஆகையால் சூட்டில் 24 வர வேண்டுமானால் தொடக்கத்திலேயே 22 வைக்க வேண்டியிருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு மழை நாள் வேண்டும். பக்கத்து அணியோடு செலவைப் பங்கு போட்டு ஒரு நாள் தடம் கேட்டிருக்கிறோம்.